லூசியன் ஆராய்ந்த புயல் ஜன்னல்கள்

அப்போதெல்லாம் பிப்ரவரியில் ஓடெட் பெல்லரோஸின் சமையலறைக்குப் போகிறவர்கள் மேல்கோட்டைக் கழற்ற மாட்டார்கள். அவளே கழற்றியிருக்க மாட்டாள். பட்டாணி சூப்பைக் கிண்டும் கையில் விரல்நுனி இல்லாத கம்பளி உறை மாட்டியிருக்கும். அதே வேளையில், அதே வீட்டின் மாடியில், அவளுடைய அண்ணன் லூசியன் வெறும் பனியனோடு உட்கார்ந்து, தெருப்பக்கத்து ஜன்னலை ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கிவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருப்பார். வெளியே கால்வாய் உறைந்து கிடக்கும்.

நான் எதிர்வீட்டுக்காரி. என் முன்னறையிலிருந்து பார்த்தால் கீழே கோட்டும் மேலே பனியனுமாக இருவரும் சேர்ந்தே தெரிவார்கள். எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண், மாடியில் இருப்பவருக்கு மனநிலை சரியில்லையா என்று என்னிடம் கேட்டாள். இல்லை, வேர்க்கிறது என்றேன்.

விஷயம் இதுதான். அம்மா அப்பா போனபின் கீழ்வீடு ஓடெட்டுக்கும் மாடி லூசியனுக்கும் வந்தது. இரண்டையும் சூடாக்க நிலவறையில் இருக்கும் பாய்லர் ஒன்றே ஒன்று. அதை ஓட்டவும் நிறுத்தவும் செய்கிற தெர்மோஸ்டாட் ஓடெட்டின் நடையில், சுவரில் இருக்கிறது. பாய்லர் எரிக்கும் எண்ணெய்ச் செலவு பாதிப் பாதி. ஓடெட்டின் ஜன்னல்கள் ஒற்றைக் கண்ணாடி. சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வெண்ணெய்க் கத்தியை நுழைக்கலாம். அந்த இடுக்குகள் வழியாகக் குளிர் வந்துகொண்டே இருக்கும், தெர்மோஸ்டாட்டுக்கு வீடு இன்னும் சூடாகவில்லை என்று தோன்றிக்கொண்டே இருக்கும், பாய்லர் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே தங்காத சூடெல்லாம் மாடிக்குப் போய்ச் சேரும். அங்கே அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைத் தொட்டால் கை சுடும்.

ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஓடெட்டுக்கு வேலை. பகல் முழுக்க நீராவியில் வெந்துவிட்டு, வீட்டுக்கு வந்து நடுங்குவாள். புயல் ஜன்னல் போட்டுவிடலாம் என்று அவள் முதலில் சொன்னது அப்படிப்பட்ட ஒரு நாளில்தான். பழைய ஜன்னலுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி ஜன்னலைப் பொருத்துவதற்கு எங்கள் ஊரில் அந்தப் பெயர். புயலுக்கும் அதற்கும் பெரிய உறவில்லை. குளிரை நிறுத்தத்தான் அது.

லூசியன் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் சண்டை போட்டு முடித்திருக்கலாம். அவர் சொன்னது வேறு.

"போடலாம். ஆனா கண்ணை மூடிக்கிட்டுப் போடக் கூடாது. எது நல்லதுன்னு நான் ஆராய்ஞ்சு சொல்றேன்."

பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர் லூசியன். மனைவி ரீட்டா இறந்து அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. கையில் நேரம் நிறைய இருந்தது. அந்த நேரம் முழுவதையும் ஜன்னலுக்குக் கொடுத்தார்.

முதலில் அலுமினியம்தான் சரி என்றார். பிறகு அலுமினியம் குளிரைக் கடத்தும், மரம்தான் சரி என்றார். மரம் உளுத்துப்போகும் என்று யாரோ சொன்னதும் வெளியே போடுவதே தப்பு, உள்பக்கம் பிளாஸ்டிக் பலகை பொருத்தலாம் என்றார். கடைகளிலிருந்து சட்டத்தின் வெட்டுத் துண்டுகளை வாங்கிவந்து, தன் மேஜையில் இடமில்லை என்று ஓடெட்டின் சாப்பாட்டு மேஜையில் வரிசையாக வைத்தார். அவள் அவற்றை ஒதுக்கிவிட்டுத் தட்டு வைத்தால், வந்து பார்த்துவிட்டு, "வரிசைய மாத்திட்டியே" என்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊரில் முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டி, உங்கள் ஜன்னல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு, அவர் கொடுத்த காபியையும் குடித்துவிட்டு வந்தார்.

ஒரு குளிர்காலம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"என்னாச்சு உன் ஆராய்ச்சி?" என்று ஓடெட் கேட்பாள்.

"ரெண்டாக் குறைச்சுட்டேன்."

"எந்த ரெண்டு?"

"அதுலதான் கொஞ்சம் சந்தேகம்."

இதை என்னிடம் சொல்லும்போது அவள் கரண்டியை மேஜையில் வைத்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. "ஜினெட், அவன் கல்யாணத்துக்குப் பொண்ணு பாத்தப்பகூட இவ்வளவு யோசிக்கல. ரெண்டாவது தடவை பாத்ததுமே ரீட்டாகிட்ட கேட்டுட்டான்."

மூன்றாவது ஆண்டு அக்டோபரில் அவருக்குப் புதிதாக ஒன்று தோன்றியது. நிலவறையில் அவர்கள் அப்பா காலத்து மரச் சட்டப் புயல் ஜன்னல்கள் சாய்ந்து கிடந்தன. இருக்கிற பொருளை விட்டுவிட்டு எதற்கு வாங்க வேண்டும் என்றார். இதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருஷம் ஏன் ஆனது என்று ஓடெட் கேட்கவில்லை. கேட்டால் அதையும் ஆராய்ந்துவிட்டுச் சொல்கிறேன் என்பாரோ என்று பயந்தாளாம்.

ஒரு சனிக்கிழமை காலை என்னை ஏணி பிடிக்கக் கூப்பிட்டார்கள். சட்டம் ஒவ்வொன்றும் கதவு கனம். மேலே இரண்டு கொக்கியில் மாட்டிக் கீழே தள்ளினால் போய் உட்கார வேண்டும். உட்காரவில்லை. இத்தனை காலத்தில் வீடு கிழக்குப் பக்கமாக இறங்கியிருந்தது. நிலவறையில் கிடந்த சட்டங்கள் இறங்கவில்லை. அவை நேராக இருந்தன, வீடு கோணலாக இருந்தது.

"கொஞ்சம் சீவினா போதும்," என்று லூசியன் இழைப்புளியோடு உட்கார்ந்தார்.

சீவினார், ஏறினார், இறங்கினார், மறுபடி சீவினார். ஓடெட் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வலது பக்கம் இடிக்குது, லூசியன்."

"தெரியுது."

"நீ இடது பக்கம் சீவிட்டு இருக்க."

"ஏணில நிக்கிறது நானா நீயா?"

மத்தியானம் ஆனபோது ஒரே ஒரு ஜன்னல் ஒரு மாதிரியாகப் பொருந்தியது. இடது பக்கம் இப்போது என் சுண்டு விரல் போகும் அளவுக்குச் சந்து. இரண்டாவது சட்டத்தைத் தூக்கிக்கொண்டு பாதி ஏணி ஏறியபோது, கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்திருந்த மக்குப் பசை காய்ந்து உதிர்ந்து, மேல் கண்ணாடி அப்படியே நழுவி, முழுசாக ஹைட்ரேஞ்சியா புதரில் போய் விழுந்தது. உடையக்கூட இல்லை. லூசியன் வெறும் சட்டத்தின் நடுவே தலையை நீட்டியபடி அதைப் பார்த்தார்.

"செடி தாங்கிக்கிச்சு," என்றார்.

ஓடெட் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த ஜனவரியில்தான் டிஷ்யூ காகித விஷயம் நடந்தது. காற்று எங்கிருந்து வருகிறது என்று பார்க்க ஓடெட் ஒரு மெல்லிய காகிதத்தைக் கிழித்துச் சமையலறை ஜன்னலின் அடிச்சட்டத்தில் ஒட்டினாள். அது கொடி மாதிரி உள்பக்கம் பார்த்துப் பறந்தது. நானும் இருந்தேன். சற்று நேரத்தில் காகிதம் திடீரென்று தொங்கிவிட்டது. மேலே ஜன்னல் மூடும் சத்தம் கேட்டிருந்தது. லூசியன் கடைக்குப் புறப்பட்டிருக்கிறார்.

ஓடெட் என்னைப் பார்த்தாள். நடைக்கு ஓடி, மாடிப்படியைப் பார்த்துக் கத்தினாள். "லூசியன், ஜன்னலத் திற."

"இத்தனை நாளா மூடச் சொல்லிக் கெஞ்சிட்டு இருந்த."

"திறயேன்."

மேலே ஜன்னல் திறந்தது. கீழே காகிதம் எழுந்து பறந்தது. மூடச் சொன்னாள், காகிதம் தொங்கியது. நாலைந்து தடவை செய்துபார்த்தோம். அவருடைய ஜன்னல் வழியாகச் சூடான காற்று வெளியேற, அதற்குப் பதிலாக வெளிக்குளிரை அவளுடைய இடுக்குகள் உறிஞ்சிக்கொண்டிருந்தன. வீடு முழுக்க ஒரு புகைபோக்கி, அதன் அடியில் இவள் உட்கார்ந்திருந்தாள்.

அவரைக் கீழே கூட்டிவந்து, என்னை மாடிக்கு அனுப்பித் திறந்து மூடவைத்துக் காட்டினாள். அவர் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காகிதத்தை வெகுநேரம் பார்த்தார்.

"ரொம்ப சுவாரஸ்யமா இருக்கு," என்றார்.

"சுவாரஸ்யமா? நான் கோட்டோட தூங்கறேன். உன் ஜன்னல மூடு."

"மூடினா வெந்துபோவேன். தப்பு என் ஜன்னல்ல இல்ல, உன் ஜன்னல்ல இருக்கு. அதைத்தானே நான் ஆராய்ஞ்சிட்டு இருக்கேன்."

அந்தப் பேச்சுக்குப் பிறகு ஓடெட் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

வெளிப்பக்கம் எதைச் செய்தாலும் இருவரும் கலந்துதான் செய்ய வேண்டும் என்று ஓடெட் நினைத்திருந்தாள், வீடு இருவருடையது என்பதால். கோடை வந்ததும் அந்த எண்ணத்தைத் தூக்கிப் போட்டாள். ஒரு நாள் வேலை முடிந்து, உடுப்புக்கூட மாற்றாமல், டூபேயின் கடைக்குப் போனாள். நான் வண்டி ஓட்டினேன்.

டூபே நல்ல மனிதர். ஆனால் ஜன்னல் விற்க வந்ததிலிருந்து அவருக்கு வாய் நிற்பதில்லை.

"கண்ணாடி ஏறி இறங்க ரெண்டு தடமா மூணு தடமா?" என்றார்.

"எனக்குக் குளிராம இருக்கணும்," என்றாள் ஓடெட்.

"மூணு தடம்னா கொசுவலையும் உள்ளயே இருக்கும், கோடையில கழட்டி மாட்ட வேண்டாம். கண்ணாடி சாதாவா, பூச்சு போட்டதா? பூச்சு போட்டது சூட்டத் திருப்பி உள்ளயே அனுப்பும். சட்டம் வெள்ளை, பழுப்பு, தந்தநிறம், பச்சை. பச்சைக்கு ஆறு வாரம் ஆகும். சட்டத்துலயே கனம் மூணு வகை..."

மாதிரி ஜன்னல்கள் தொங்கிய சுவரின் முன்னால் ஓடெட் நின்றாள். கடைசியில் லூசியனைப் போல ஆகிவிடுவோமோ என்ற பயம் அவள் முகத்தில் தெரிந்தது. டூபேயைப் பார்த்து, "கொஞ்ச நேரம் பேசாம இருங்க," என்றாள். அவர் பேசாமல் இருந்தார்.

அவளுக்கு இடது தோள் சரியில்லை. ஈரத் துணியைத் தூக்கித் தூக்கி வந்த வலி. வலது கையால் மட்டும் ஒவ்வொரு மாதிரியையும் தூக்கிப் பார்த்தாள். முதலாவது நகரவில்லை. இரண்டாவது ஆடியது. மூன்றாவது ஒரு கையிலேயே ஏறி, விட்ட இடத்தில் நின்றது. காற்றைத் தடுக்க ஓரத்தில் வைத்திருந்த அடர்ந்த மயிரிழைப் பட்டையை விரலால் தடவினாள். கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவில் வாயை வைத்து ஊதி, மறுபக்கம் என் உள்ளங்கையை வைக்கச் சொன்னாள். என் கையில் காற்றே படவில்லை.

"இது. பூச்சு போட்டது. பழுப்பு," என்றாள். மூன்று ஆண்டாக அவர்கள் வீட்டில் நடக்காதது கடையில் ஒரு காபி ஆறும் நேரத்தில் முடிந்தது. வண்டியில் ஏறிய பிறகுதான் அழுதாள், கோபத்தில்.

டூபேயின் ஆள் அளவெடுக்க வந்தபோது லூசியன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று அகலம் எடுத்து, இருப்பதில் சிறியதை அந்த ஆள் குறித்துக்கொண்டான்.

"பெரியதத்தான் எடுக்கணும்," என்றார் லூசியன்.

"பெரியத எடுத்தா உள்ள போகாதுங்க."

"சீவிக்கலாம்."

"அலுமினியத்தையா?" என்றாள் ஓடெட்.

லூசியன் தோளைக் குலுக்கிவிட்டுத் தெருவைப் பார்த்து நின்றார். தன்னைக் கேட்காமல் முடிவு செய்துவிட்டாள் என்ற வருத்தம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. என்னிடம் அப்புறம் சொன்னார்: "நான் கிட்டத்தட்ட முடிச்சுட்டேன், ஜினெட். இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கலாம்." அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

செப்டம்பரில் ஜன்னல்கள் வந்து மாட்டியாகிவிட்டது. அக்டோபரில் நாலு நாள் விடாமல் மழை. மழையின் மூன்றாம் நாள் ஓடெட் எனக்குப் போன் செய்தாள். போய்ப் பார்த்தால், மேற்குப் பக்கத்து ஜன்னல்களில் பழைய கண்ணாடிக்கும் புதுக் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் தேங்கி நின்றது. ஒரு இலைகூட மிதந்துகொண்டிருந்தது. மீன் வாங்கி விடலாம் போல இருந்தது.

டூபேயிடம் கேட்டதற்கு, "அடிச்சட்டத்துல சின்னச் சின்ன ஓட்டை இருக்குமே, அது வழியா வடிஞ்சிடணுமே," என்றார்.

குடையோடு வெளியே போய்ப் பார்த்தோம். ஓட்டைகள் இல்லை. இருந்த இடத்தில் வெள்ளைப் பசை, விரலால் தடவிச் சமமாக்கி, மிக நேர்த்தியாகப் பூசியிருந்தது. ஓடெட் அங்கேயே மழையில் நின்று மாடியைப் பார்த்தாள். லூசியன் ஜன்னலிலிருந்து எட்டிப்பார்த்தார்.

"பாத்தியா? அந்த ஆள் அடியில ஓட்டைய அப்படியே விட்டுட்டுப் போயிட்டான். நான்தான் எல்லாத்தையும் அடைச்சேன்."

"அது தண்ணி வடியறதுக்கு விட்டது."

"காத்து வருமே."

"லூசியன்," என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "மூணு வருஷம் ஆராய்ஞ்சியே. உன்கிட்ட நூறு துண்டு இருந்துது, என் மேஜைல. ஒரு துண்டுலகூடவா ஓட்டை இல்ல?"

அவர் யோசித்தார். "எல்லாத்துலயும் இருந்துது," என்றார் மெதுவாக. "ஏதோ திருகாணிக்குன்னு நெனச்சேன்."

கீழே வந்து, மழைக்கோட்டோடு மண்டிபோட்டு, ஒரு திருப்புளியால் பசையைக் கிண்டி எடுத்தார். ஒவ்வொரு ஓட்டை திறக்கும்போதும் தண்ணீர் அவருடைய சட்டைக் கைக்குள் ஓடியது. ஓடெட் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள், அவருக்கு மேல் பிடிக்காமல், தனக்கு மேல்.

நவம்பர் கடைசியில் முதல் கடுங்குளிர் வந்தது. ஓடெட் சலவைக்கூடத்திலிருந்து வந்து, வழக்கப்படி கம்பளி உறையை மாட்டி, சூப்பை அடுப்பில் வைத்து, கொஞ்ச நேரத்தில் கைக்குள் கசகசப்பாக இருப்பதை உணர்ந்தாள். உறையைக் கழற்றினாள். பிறகு கோட்டையும் கழற்றினாள். அடுப்படியிலிருந்து நடைக்குப் போய்த் தெர்மோஸ்டாட்டைப் பார்த்தாள். அறுபத்தெட்டு. வைத்ததும் அறுபத்தெட்டு டிகிரி ஃபாரன்ஹீட், இருந்ததும் அறுபத்தெட்டு. பாய்லர் சத்தமே இல்லை. அதைச் சொல்லத்தான் எனக்குப் போன் செய்தாள்; சொல்லிவிட்டு ரிசீவரைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து மாடியில் ரேடியேட்டர் குழாயைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு படியில் காலடி. லூசியன் வந்து நின்றார். பனியனுக்கு மேல் சட்டை, சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் ரீட்டாவின் போர்வை.

"பாய்லர் கெட்டுப்போச்சு," என்றார்.

"நல்லாத்தான் ஓடுது."

"மேல ரேடியேட்டர் பச்சைத் தண்ணி மாதிரி இருக்கு. சூட்டக் கூட்டி வை."

"எனக்குப் போதுமே."

"எனக்கு நடுங்குது, ஓடெட்."

"ஜன்னல மூடு."

"மூடித்தான் இருக்கு. எல்லாம் மூடித்தான் இருக்கு." அவர் குரலில் நிஜமான திகைப்பு இருந்தது. கீழ்வீட்டில் சூடு தங்க ஆரம்பித்ததும் தெர்மோஸ்டாட் சீக்கிரமே திருப்தியடைந்தது. பாய்லர் கொஞ்ச நேரம் ஓடி நின்றது. மாடிக்குப் போக மிச்சம் ஒன்றுமில்லை. அவருடைய ஜன்னல்களும் அதே பழைய ஒற்றைக் கண்ணாடிதான். இத்தனை காலமாக அவை ஒழுகுவது அவருக்குத் தெரிந்ததே இல்லை.

ஓடெட் இதற்காகவே காத்திருந்தவள் மாதிரி பேசினாள் என்று சொல்ல எனக்கு ஆசை. ஆனால் அவள் களைத்துப்போயிருந்தாள். "உக்காரு, சூப் இருக்கு," என்றாள். அவர் போர்வையோடு உட்கார்ந்தார். பாதிச் சூப்பில் அவளால் வாயை அடக்க முடியவில்லை.

"கூட்டி வைக்கலாம். ஆனா கண்ணை மூடிக்கிட்டுக் கூட்டக் கூடாது பாரு. நான் கொஞ்சம் ஆராய்ஞ்சிட்டுச் சொல்றேன்."

அவர் கரண்டியை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். பிறகு ரொட்டியை எடுத்துக் கிண்ணத்தைத் துடைத்துச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை டூபேயின் கடை திறக்கும்போது வாசலில் நின்றவர் லூசியன். பழுப்பு வர மூன்று வாரம் ஆகும் என்றார் டூபே. கிடங்கில் என்ன இருக்கிறது என்று கேட்டார் லூசியன். வெள்ளை இருந்தது. பூச்சு உண்டா, தடம் எத்தனை, எதையும் கேட்கவில்லை. அளவெடுக்க அந்த ஆளையே அன்று மத்தியானம் கூட்டிவந்தார். சிறிய அளவை எடுத்தபோது வாயைத் திறக்கவில்லை. டிசம்பர் முதல் வாரத்தில் மாடிக்கும் புயல் ஜன்னல் வந்துவிட்டது.

எங்கள் தெருவில் இப்போது ஒரு வீடு கீழே பழுப்பும் மேலே பளீர் வெள்ளையுமாக நிற்கிறது. என் முன்னறையிலிருந்து நான் அதைத்தான் தினமும் பார்க்க வேண்டும். ஓடெட் ஒரே ஒரு தடவை தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்னை," என்றாள்.

"நீ கேட்டியா?" என்றார் லூசியன்.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் மாடி சூடான பிறகும் அவர் இறங்கி வருவது நிற்கவில்லை. குளிரில் நடுங்கிய அந்த ஒரு வாரத்தில், இரவுச் சாப்பாட்டுக்குக் கீழே வந்து பழகிவிட்டார் என்று ஓடெட் முதலில் நினைத்தாள். கிறிஸ்துமஸ் போயிற்று, புது வருஷம் போயிற்று, அவர் ஆறு மணிக்கு வந்து, பீன்ஸில் உப்பு அதிகம் என்று சொல்லி இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டு, சீட்டுக்கட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவளுக்கு விடியற்காலையில் வேலை. சீக்கிரம் படுக்க வேண்டும்.

ஒரு நாள் கேட்டுவிட்டாள். நான் அன்று அங்கே சீட்டில் மூன்றாம் கையாக ஆடிக்கொண்டிருந்தேன்.

"மேலதான் இப்ப சூடா இருக்கே. எதுக்கு இங்கயே வந்து உக்காந்திருக்க?"

"சூடாத்தான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

அவர் சீட்டைக் கலைத்துக்கொண்டே இருந்தார். "சத்தமே இல்ல, ஓடெட். அந்தக் கண்ணாடி போட்டதும் பனி தள்ளற வண்டி போனாக்கூடத் தெரியல. முன்னாடி ஜன்னலத் திறந்து வச்சா யாராவது பேசிக்கிட்டுப் போவாங்க. கார் கிளப்ப முடியாம எவனாவது திட்டுவான். ரீட்டா போனப்புறம் அதுதான் கேட்டுட்டு இருந்தேன். இப்ப மேல உக்காந்தா என் கடிகாரம் மட்டும்தான் கேக்குது."

ஓடெட் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்தாள்.

"வேர்க்குதுன்னு சொன்ன."

"வேர்க்கவும் செஞ்சுது."

"அதனாலதான் ஜன்னல் வேண்டாம்னு இழுத்தடிச்சியா?"

"வேண்டாம்னு நான் சொல்லவே இல்லையே. நல்லதாப் போடணும்னுதான்..." நிறுத்தினார். நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "தெரியல. எனக்கே இப்பத்தான் தெரியுது."

"மூணு குளிர்காலம், லூசியன். மூணு. இத ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ராத்திரி மேல வந்து உன்னோட கத்திக்கிட்டு இருந்திருப்பேன். நீ ஜன்னல மூடியிருக்கலாம்."

"நீ கத்தத்தான் செஞ்ச."

"கீழ இருந்து."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. என் சீட்டுகளையே பார்த்தேன். ஓடெட் எழுந்து போய்க் காபியைச் சுடவைத்தாள். அவள் முதுகு எங்கள் பக்கம் இருந்தது. அலமாரியைத் திறந்து மூடினாள், தேவைக்கு அதிகமான சத்தத்தோடு. திரும்பி வந்தபோது மூன்று கோப்பை கொண்டுவந்தாள்.

"ஆறு மணிக்கு வா. எட்டரைக்குப் போயிடணும். நான் அஞ்சுக்கு எழுந்திருக்கணும்," என்றாள். "ஞாயித்துக்கிழமை நான் மேல வரேன். நீ சமைக்கணும்."

"எனக்கு முட்டை மட்டும்தான் வரும்."

"முட்டை போதும்."

அப்படித்தான் நடக்கிறது. எட்டரை என்பது ஒன்பதாகிறது, அதற்கு ஒரு சண்டை. தெர்மோஸ்டாட்டுக்கு இன்னொரு சண்டை. மாடியிலும் கீழும் காற்றுப் புகும் இடுக்குகள் அடைபட்டதும் இப்போது அவளுக்கு அறுபத்தெட்டு வேண்டும், அவருக்கு அறுபத்தாறு போதும். நடையைக் கடக்கும்போதெல்லாம் அவர் ஒரு விரலால் கொஞ்சம் குறைத்துவிட்டுப் போவார். அவள் பின்னாலேயே போய் ஏற்றுவாள். ஜனவரிக் கடைசியில் அறுபத்தேழு என்று ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் அதில் முழுத் திருப்தி இல்லை.